நான்காவது ரெஃபரன்ஸ்

அத்தியாயம் 6

"பெமிலாவா? அந்தப் பிள்ள செத்துப் போச்சு. எட்டு மாசம் ஆச்சு."

அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு இன்னொன்று. கடைசியாக ஏதோ கனமான சாமானைத் தரையில் இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தமும் கேட்டது.

முட்டம் கலங்கரை விளக்குக்குக் கொஞ்சம் கீழே, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, நானும் ராகேல் அக்காவும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அக்கா, செத்தவளுக்கு வேலைச் சான்று வாங்க வந்த முதல் ஆளு நாமதான். இனி சொர்க்கத்துல எந்த வார்டுன்னு கேட்டு எழுதணும்," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அவர் சிரிக்காமலிருப்பது புதிதல்ல. ஆனால் இம்முறை அவர் முகத்தில் வேறொன்று இருந்தது. 

என் பெயர் வைகுண்டராஜன். வயது முப்பத்தொன்பது. நெற்றியில் நாமம், வாயில் வேண்டாத பேச்சு. ராகேல் அக்கா போலீஸில் ஏட்டாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் விசாரணை ஆபீஸ். பாதி கல்யாண விசாரணை. மீதி வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தரும் விசாரணை. பயோடேட்டாவில் ரெஃபரன்ஸ் என்று யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்களைப் போய்ப் பார்த்து, ஆள் எப்படி என்று கேட்டு எழுதிக் கொடுப்போம். பாம்பும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. கேட்ட கேள்விக்கு டீயும் பிஸ்கட்டும் கிடைக்கும் தொழில்.

இந்தச் சோலியைக் கொடுத்தவர் பெயர் ஷாஜன். திருவனந்தபுரத்தில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு மருத்துவமனையின் அதிகாரி என்று போனில் சொன்னார். குரலில் அப்படியொரு மரியாதை, வாக்கியத்துக்கு ஒரு 'ப்ளீஸ்'. பெமிலா என்கிற நர்ஸ் மனுப் போட்டிருக்கிறாள், அவள் கொடுத்த மூன்று ரெஃபரன்ஸ்களையும் நேரில் பார்க்க வேண்டும் என்று பயோடேட்டாவையும் பதினோரு கேள்விகள் கொண்ட படிவத்தையும் அனுப்பினார்.

முதல் இரண்டு பேரை நேற்றே முடித்துவிட்டோம். பெமிலா முதலில் வேலை பார்த்த மருத்துவமனையின் பழைய மேற்பார்வையாளர் ஜெபமணி, "தங்கமான பிள்ளையாக்கும்" என்றார். ஆலன்விளை சபையின் போதகர் ஜான்ரோஸ் அதைவிட ஒரு படி மேலே போய், நேந்திரங்காய் சிப்ஸெல்லாம் வைத்து அரை மணி நேரம் புகழ்ந்தார். மூன்றாவது ஆள், நர்சிங் பள்ளியில் அவளுக்குப் பாடம் நடத்திய செல்லபாய் டீச்சர். அவர்தான் இப்போது அவளைக் கொன்றுவிட்டார்.

"நேத்து ரெண்டு பேரும் உயிரோட இருக்கிற பிள்ளையப் பத்திப் பேசினாங்க. இன்னைக்கு இந்த அம்மா எட்டு மாசம் முன்ன செத்துட்டான்னு சொல்லுது. யாரு பொய் சொல்லுது அக்கா?"

"பயந்தவங்கதான் பொய் சொல்லுவாங்க. கதவுக்கு யாரு முட்டுக் குடுத்திருக்கா?" என்றார் அக்கா. "வைகுண்டா, அந்தப் படிவத்த எடு. நீ ஒரு நர்ஸ வேலைக்கு எடுக்கணும்னா என்னத்த கேப்ப?"

"ஊசி போட்டா வலிக்குமான்னு."

"பொறவு?"

"ஒழுங்கா வருமா, லீவு போட்டுக் கெடக்குமா, பழைய எடத்துல திரும்ப எடுப்பாங்களா... இதெல்லாம்தான்."

"இதுல அது உண்டா பாரு."

பார்த்தேன். நேற்று இரண்டு தடவை நானே வாய்விட்டு வாசித்த கேள்விகள். முதல் ஐந்தும் பெயர், படிப்பு, குணம் என்று ஒப்புக்கு இருந்தன. ஆறு: தற்போது எங்கே தங்கியிருக்கிறார்? ஏழு: யாருடன்? எட்டு: எந்த வழியாகப் போய்வருகிறார்? ஒன்பது: ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவார்? பத்து: வீட்டில் ஆண்கள் உண்டா? பதினொன்று: இவரைப் பற்றி வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?

விடுதி வசதி செய்து கொடுப்பதற்காகக் கேட்கிறார்கள் என்று நேற்று நினைத்திருந்தேன். இப்போது வாசிக்கும்போது, ஒருத்தியை எங்கே வைத்துப் பிடிக்கலாம் என்று கேட்பதுபோல் இருந்தது.

"இனி பயோடேட்டா. பிறந்த வருஷம் தொண்ணூத்தாறு. வயசு எவ்வளவு போட்டிருக்கு?"

"இருபத்தாறு."

"இப்ப அவளுக்கு என்ன வயசு இருக்கணும்?"

"இருபத்தொம்பது." எனக்குக் கணக்கு வராது என்று சொன்ன வாத்தியார் இந்த இடத்தில் இருந்திருக்கலாம். "அப்ப இது மூணு வருஷம் பழசாக்கும்."

"இப்ப மனுப் போட்ட பிள்ள மூணு வருஷம் முன்ன அடிச்ச பயோடேட்டாவ ஏன் குடுக்கா? அவ குடுக்கல மக்கா. மூணு வருஷம் முன்ன அவ யாருகிட்டயோ சோலிக்குச் சேர்ந்திருக்கா. அவன் கையில இருந்து வந்த காகிதம் இது. அதாலதான் இந்த மூணு வருஷம் எங்க இருந்தான்னு ஒரு கேள்வி கூட இல்ல. தெரிஞ்சவன் எதுக்குக் கேக்கப் போறான்?"

அக்கா கேள்வித்தாளைக் கதவின் அடியில் தள்ளினார். பிறகு கதவோடு வாயை வைத்து, மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், எங்கள ஒருத்தன் ஏமாத்திட்டான். ஆஸ்பத்திரி இல்ல அவன். அந்தக் கேள்விகளப் பாருங்க, உங்களுக்கே வெளங்கும். பிள்ளைக்கு ஆபத்துன்னா, இப்பவே சொல்லுங்க."

காகிதம் உள்ளே இழுபட்டது. பிறகு சாமான் இழுபடும் சத்தம். கதவு திறந்தது. முட்டுக் கொடுத்திருந்தது ஒரு தையல் மெஷின். செல்லபாய் டீச்சருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு கையில் கேள்வித்தாள், மற்றக் கையில் வெட்டுக்கத்தி.

"டெனிஷ்தான அனுப்பினான்?" என்றார்.

பெங்களூரில் வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி நடத்துகிறவன் டெனிஷ். மூன்று வருடத்துக்கு முன் பெமிலா அவனிடம் சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பூட்டிவிட்டான். நர்ஸ் பிள்ளைகளையும் அப்படியே பூட்டி வைத்தான். எட்டு மாதத்துக்கு முன் அவள் சர்டிபிகேட்டைத் திருப்பிக் கேட்டபோது, மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்து அடைத்து ஒடித்துவிட்டான். அடுக்களை ஜன்னல் வழியாகத் தப்பித்துப் போய் அவள் போலீஸில் புகார் கொடுத்தாள். அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். வழக்கில் முதல் சாட்சி அவள்தான். அடுத்த வாரம் விசாரணை.

"போன்ல அவன் சொன்னத நானும் கேட்டேன்," என்றார் டீச்சர். "கூண்டுல ஏறுததுக்கு முன்ன உன்னைத் தீத்திருவேன்னான். நீ எங்க சோலிக்குப் போனாலும் உன்னப் பத்தி அவங்க என்கிட்டதான் கேக்கணும், நான் என்னத்த சொல்லுதேன்னு பாருன்னான். அதுக்குப் பொறவு அவ அம்மைக்க வாடகை வீட்டயும் மாத்தி, அவள நான் இங்க கொண்டு வெச்சேன். யாரு கேட்டாலும் செத்துப் போனான்னு சொல்லுங்க டீச்சர்ன்னு அவதான் சொன்னா."

"அப்ப ஜெபமணியும் போதகரும்?"

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவ அம்ம சத்தியபாய்க்கு வெளிய சொல்ல நாணம். கழிஞ்ச வாரம் களியக்காவிளை பக்கம் ஒரு ஆஸ்பத்திரில பிள்ளைக்கு உண்மையிலேயே சோலி கிடைச்சுது. உங்க பேரக் குடுத்திருக்கேன், கேட்டு வந்தா சொல்லுங்கன்னு மூணு பேருகிட்டயும் பெமிலா முன்னமே சொல்லி வெச்சிருந்தா. நீங்க அந்த ஆஸ்பத்திரின்னு நெனச்சிருப்பாங்க. எனக்கு அவங்க போன்லயே கேட்டு முடிச்சாச்சு, அதாலதான் உங்கள நம்பல."

வேலை தேடுகிற பிள்ளை செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்திருக்கிறாள். அந்த ஒழுங்கின் வழியாகவே நாங்கள் உள்ளே புகுந்திருக்கிறோம்.

"பெமிலா இப்ப உள்ள இருக்காளா?" என்று அக்கா கேட்டார்.

"இல்ல. ஏழு மணி பஸ்ஸுக்குப் போனா. ஆலன்விளை கோயிலுக்கு. வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. எட்டு மாசமா ஒளிஞ்சு கெடக்கேன் டீச்சர், சோலி கிடைச்சதுக்கு அம்மைக்க கூட நின்னு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை வெச்சிட்டு வந்திருதேன்னா."

நான் சட்டைப் பையில் போனைத் தேடினேன்.

அந்தப் பக்கத்துச் சபைகளில் அது வழக்கம். பிள்ளைக்கு வேலை கிடைத்தால், பரீட்சை தேறினால், குடும்பத்தோடு வந்து உறையில் காணிக்கை வைப்பார்கள். போதகர் பெயரையும் காரணத்தையும் மைக்கில் வாசிப்பார். குடும்பம் எழுந்து முன்னால் போய் நிற்கும். ஜெபம் பண்ணுவார்கள். ஊரே பார்க்கும்.

"அக்கா," என்றேன். "நேத்து ரிப்போர்ட்டுல நான் அத எழுதி அனுப்பிட்டேன்."

போனை எடுத்து நீட்டினேன். நேற்று மாலை ஆறு மணிக்கு ஷாஜனுக்கு அனுப்பியது. 'நாளை ஞாயிறு ஆராதனையில், தாயார் சத்தியபாயுடன் பெமிலாவும் நேரில் வந்து காணிக்கை படைக்க இருப்பதாகப் போதகர் மிக்க மகிழ்ச்சியுடன் தெரிவித்தார்.' மிக்க மகிழ்ச்சியுடன் என்பது என் சொந்தச் சரக்கு. ரிப்போர்ட் நன்றாக இருக்கட்டுமே என்று சேர்த்தது. கீழே இரண்டு நீல டிக்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெமிலா போனே வைத்துக்கொள்வதில்லை. டீச்சரிடம் எண் வாங்கிச் சத்தியபாய்க்குப் போன் போட்டோம். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போதகருக்குப் போட்டோம். அதுவும் அப்படித்தான். ஒன்பது மணி. ஆராதனை தொடங்கியிருக்கும். கோயிலுக்குள் போகிறவர்கள் எல்லோரும் போனை அணைத்துவிட்டார்கள். அக்கா தனக்குத் தெரிந்த பெண் இன்ஸ்பெக்டரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, ஜீப் பந்தோபஸ்தில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறோம் என்று பதில் வந்தது.

"ஏறு," என்றார் அக்கா.

ஸ்கூட்டரை அவர் ஓட்டினார். பின்னால் நான், ஒரு கையால் அவர் பையையும் மறு கையால் என் போனையும் பிடித்துக்கொண்டு. ஆலன்விளைக்காரர்கள் வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளுக்காக ஆராதனையை நேரலையில் விடுவார்கள் என்று போதகர் நேற்றே பெருமையாகச் சொல்லியிருந்தார். அதைத் திறந்தேன். பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அன்பானவர்கள் தங்கள் கைபேசிகளை அணைத்துவிடுங்கள்' என்று போதகர் சொல்லி முடித்தார். பாட்டு தொடங்கியது.

மணவாளக்குறிச்சி தாண்டும்போது கேமரா ஒரு தடவை சபையின் பக்கம் திரும்பியது. பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசை. பச்சைச் சேலையில் அவள். பயோடேட்டாவில் ஒட்டியிருந்த அதே முகம், கொஞ்சம் மெலிந்து போயிருந்தது. பக்கத்தில் அம்மா. அம்மாவின் கையில் வெள்ளை உறை.

"இருக்கா அக்கா! உயிரோட இருக்கா!"

"ஆண்கள் பக்கம் யாரு இருக்கா?"

"எல்லாரும் வெள்ளச் சட்டை. நூறு பேரு இருப்பாங்க. டெனிஷ் மூஞ்சி எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதே."

தெரிந்ததெல்லாம் ஒரு குரலும், அதில் வரும் 'ப்ளீஸ்' என்ற சொல்லும்தான்.

மண்டைக்காடு தாண்டி ஒரு கல்யாணக் கூட்டம் ரோட்டை மறித்தது. பத்து நிமிடம் போனது. வேத பாடம் முடிந்து பிரசங்கம் தொடங்கியது. அய்யா வைகுண்டரைத் தவிர வேறு யாரிடமும் எதையும் கேட்காத நான், அன்றைக்கு ஒரு கிறிஸ்தவப் பிரசங்கம் நீண்டுகொண்டே போக வேண்டும் என்று உருகி வேண்டினேன். ஜான்ரோஸ் போதகர் நேற்று எங்களிடம் பேசியதில் பாதி நீளமாவது பேசட்டும்.

குளச்சலில் திரும்பும்போது போன் அதிர்ந்தது. ஷாஜனிடமிருந்து செய்தி.

'மூன்றாவது நபரைப் பார்க்க வேண்டாம், ப்ளீஸ். தேவையானது கிடைத்துவிட்டது.'

சத்தமாக வாசித்தேன். அக்கா வேகத்தைக் கூட்டினார். "அப்ப அவன் உள்ள இருக்கான்," என்றார். ஸ்கூட்டர் போன வேகத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றினால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருங்கல் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கியதும் நேரலை நின்று நின்று ஓடியது. போதகரின் வாய் பாதியில் உறைந்தது. பிறகு வந்தது, மறுபடியும் உறைந்தது. "பிரசங்கம்தான் அக்கா, இன்னும் முடியல," என்று சொல்லிக்கொண்டே வந்தேன். திருப்பத்தில் கோயில் கோபுரம் தெரிந்தது. வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கியிலும் போதகரின் குரல் கேட்டது. அது பிரசங்கம் அல்ல.

"...ஜெஸ்பின் குடும்பத்தார், பிறந்தநாளுக்காக ஸ்தோத்திரக் காணிக்கை..."

என் போன் பின்தங்கியிருந்தது. பெயர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கோயில் வாசலில் பத்துப் பதினைந்து கார்கள் மதிலைப் பார்த்து நின்றன. ஒன்று மட்டும் ரோட்டைப் பார்த்து நின்றது. கர்நாடகா நம்பர். டிரைவர் இருக்கையில் யாரும் இல்லை. பின் கதவு லேசாகத் திறந்தே இருந்தது. யாரையோ உள்ளே தள்ளி ஏற்றுவதற்குத் திறந்து வைத்த கதவு அது.

அக்கா முன் ஜன்னல் வழியாகச் சாவித் துவாரத்தை எட்டிப் பார்த்தார். தாக்கோல் அதிலேயே தொங்கியது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓடிப் போயி கத்துவோமா?" என்றேன்.

"கத்தினா அவனுக்கு நம்மளத் தெரிஞ்சிரும், நமக்கு அவனத் தெரியாது. அவ கழுத்துக்குப் பக்கத்துல யாரு இருக்கான்னு தெரியாம கத்தப்பிடாது. செருப்பக் கழத்திட்டு வா."

உள்ளே நுழைந்தோம். நெற்றி நாமத்தோடு நான் நின்றதைக் கடைசி வரிசைக்காரர் ஒருவர் வினோதமாகப் பார்த்தார். முன்னால் போதகர் பட்டியலைப் புரட்டினார்.

"சத்தியபாய். மகள் பெமிலாவுக்கு நல்ல வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை. குடும்பமாக முன்னே வரலாம்."

இருவரும் எழுந்தார்கள். பச்சைச் சேலை நடுப்பாதையில் நடந்தது. ஆண்கள் பக்கமும் யார் யாரோ எழுந்தார்கள். ஒருவர் காணிக்கைப் பையோடு, ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இன்னும் இரண்டு மூன்று பேர் ஏதோ காரணத்துக்காக. எல்லாம் வெள்ளைச் சட்டை. எவன் என்று நான் தவித்துப் போனேன். ஒரு பகடி கூட வாயில் வரவில்லை.

அக்கா தன் போனை எடுத்தார். ஷாஜனின் எண்ணை அழுத்தினார்.

இருநூறு பேர் இருந்த கோயில். வாசலிலேயே போனை அணைத்துப் பழகிய ஜனம். ஆராதனை தொடங்கிய பிறகு வந்து சேர்ந்த ஒருவன் மட்டும் போதகர் சொன்னதைக் கேட்டிருக்கவில்லை.

ஆண்கள் பக்கம், நடுப்பாதையை ஒட்டி, பெமிலாவுக்கு மூன்றடி பின்னால் ஒரு போன் மணியடித்தது.

எல்லாத் தலையும் திரும்பியது. முப்பத்தைந்து வயதுக்காரன், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, பார்த்தால் நல்ல மனுஷன் என்று நானே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருப்பேன். ஒரு கை சட்டைப் பையில் போனைத் தேடியது. மற்றக் கை இடுப்புக்குப் பின்னால் போயிருந்தது. பெமிலாவும் திரும்பினாள். அவள் கத்தவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள், சத்தியபாயின் கையிலிருந்த வெள்ளை உறை கீழே விழுந்தது.

"அவன்தான்! கையப் பிடிங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் ஏட்டு ராகேல் முழுசாகத் திரும்பி வந்தார்.

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பாய்ந்து பிடித்தார்கள். நான் மூன்றாவது. அவன் முழங்கை என் மூக்கில் பட்டது, விடவில்லை. அவன் இடுப்பிலிருந்து விழுந்த கத்தி, உறைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து ஏழெட்டு பேர் சுற்றி நின்றுகொண்டார்கள். தூரத்தில் ஜீப் சைரன் கேட்டது.

"ப்ளீஸ்," என்றான் டெனிஷ். அதே குரல். "தப்பா நெனச்சிட்டீங்க. அவ என்கிட்ட வேலை பார்த்தவ. அவளைப் பத்தி என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்."

சிலர் பெமிலாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைப் பார்த்து எனக்கு மறுபடியும் பயம் வந்தது. கத்தியை விட அதற்குத்தான் அவள் எட்டு மாதம் பயந்திருப்பாள்.

அக்கா என் சட்டைப் பையிலிருந்து மடித்த படிவத்தை உருவினார். டீச்சர் திருப்பிக் கொடுத்த, மூன்றாவது ஆளுக்கான படிவம், ஒரு எழுத்தும் எழுதாதது. போதகரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எங்களுக்கு இன்னும் ஒரு ரெஃபரன்ஸ் பாக்கி உண்டு," என்றார். "இது அவளப் பத்தி இல்ல. பிள்ள, இந்த ஆள உனக்குத் தெரியுமா?"

அக்கா நீட்டிய மைக்கைப் பிடித்த பெமிலாவின் ஒடிந்த மணிக்கட்டு கோணலாகவே கூடியிருந்தது. நடுக்கத்தில் மைக் அவள் வளையலில் தட்டி, ஒலிபெருக்கியில் டக் டக்கென்று கேட்டது.

"தெரியும். பேரு டெனிஷ். ரெண்டு வருஷத்துக்கு மேல இவருகிட்ட சோலி பாத்தேன்."

"கடைசிக் கேள்வி. இவரப் பத்தி வேற ஏதாவது சொல்ல விரும்புறியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். சத்தியபாய் தலை குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து, மகளின் ஒடிந்த கையைத் தன் கையால் தாங்கிப் பிடித்தார். நடுக்கம் நின்றது.

"உண்டு," என்றாள் பெமிலா. "இவரப் பத்தி இனி யாரு கேட்டாலும் என்கிட்ட கேக்கட்டும். நான் சொல்லுதேன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். உறைந்து கிடந்த நேரலை என் போனில் மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்தது; அதை அணைக்க மறந்திருந்தேன். அவள் சொன்ன ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் கழித்து என் சட்டைப் பையிலிருந்து மறுபடியும் கேட்டது. யாரும் என்னை அணைக்கச் சொல்லவில்லை.